மூடியில் அப்பாவின் பெயர்

1

இது ஒரு எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாவைப் பற்றிய குறிப்பு. மூன்று அடுக்கு, இரண்டு பக்கமும் கொக்கி, தட்டையான மூடி. போன டிசம்பரில் திண்டுக்கல்லில் ஒரு பெண்ணுக்கு நான் கொடுத்த கிறிஸ்துமஸ் பரிசு. அவளுக்குப் பதினாறு வயது. நத்தம் ரோட்டில் ஓர் அறக்கட்டளை நடத்தும் இல்லத்தில் தங்கி, டவுனுக்குள் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது படிக்கவில்லை. அவளைத் திரும்ப வகுப்பில் உட்காரவைத்துவிட வேண்டும் என்று இரண்டு மாதமாக ஜெர்மனியின் டோர்ட்முண்டிலிருந்து ஃபோனிலும் மின்னஞ்சலிலும் அலைந்துகொண்டிருக்கிறேன். நாற்காலியை விட்டு எழாமலே அலைகிறேன். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு அந்த அலைச்சல்தான் வாய்த்திருக்கிறது.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. பெயர் போட்டு நான் செய்த வேலை போதும்.

2

டிசம்பர் பிறந்ததும் எங்கள் அலுவலக வரவேற்பறையில் ஒரு மரம் வைப்பார்கள். அதில் காகித நட்சத்திரங்கள் தொங்கும். ஒவ்வொரு நட்சத்திரத்திலும் இந்த நகரத்து விடுதிகளில் வளரும் ஒரு பிள்ளையின் வயதும், அந்தப் பிள்ளை கேட்கும் பொருளும் எழுதியிருக்கும். விருப்பப்பட்டவர்கள் ஒன்றைக் கழற்றிக்கொண்டு போய், அந்தப் பொருளை வாங்கி, வண்ணத்தாளில் சுற்றி மரத்தடியில் வைத்துவிட வேண்டும். கொடுத்தது யார் என்று எழுதக் கூடாது. அது விதி.

நான் காபியோடு போய்ச் சேர்வதற்குள் நட்சத்திரங்கள் தீர்ந்துவிட்டன. வெறும் மரம் நின்றது. "அடுத்த வருஷம்" என்றாள் பக்கத்து மேசைக்காரி. அடுத்த வருஷம் என்ற சொல் எனக்கு ஆகாது. எதையும் நினைத்த மாத்திரத்தில் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கை அரிக்கும். மதியத்துக்குள் திண்டுக்கல்லில் அதே மாதிரி ஓர் அறக்கட்டளையைத் தேடிக் கண்டுபிடித்துப் பதிவும் செய்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கொடுத்தவர் பெயர் தெரியக் கூடாது என்ற அந்த விதியை அன்று நான் மனசுக்குள் கிண்டல் செய்தேன். இதென்ன பரிசு, மின்கட்டண ரசீது மாதிரி, ஒரு முகம் இல்லாமல்? நம் ஊரில் கோயில் டியூப்லைட்டில்கூட உபயம் இன்னார் என்று எழுதி வைக்கிறோமே. வெளிச்சம் பாதி மறைந்தாலும் கொடுத்த ஆளைத் தெரிகிறதல்லவா. இப்படியெல்லாம் யோசித்துவிட்டு, ஏதோ பெரிய கண்டுபிடிப்பு செய்தவள்போல சாப்பிடப் போனேன்.

3

பெயர் என்றால் எனக்கு இங்கே ஒரு பழைய காயம் உண்டு.

இந்த நாட்டில் அஞ்சல்பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்காவிட்டால் நீங்கள் இல்லை. தெருப் பெயரும் கதவு எண்ணும் சரியாக இருந்தால் போதும் என்று நினைத்து வந்த முதல் மாதம் நான் எதையும் ஒட்டவில்லை. வங்கிக் கடிதம் திரும்பிப் போனது. வெளிநாட்டவர் அலுவலகத்தின் அழைப்புக் கடிதமும் போனது. அந்த அலுவலகத்தில் போய் நின்றபோது அங்கிருந்த அம்மாள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "அந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை என்று வந்திருக்கிறது." நான் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் எனக்குக் காலி. ஜெயசெல்வி என்பது என் பெயர், அந்தோணிசாமி என்பது அப்பா பெயர், அவ்வளவுதான் எங்களுக்கு. இங்கே காலிக் கட்டத்தை விடமாட்டார்கள். அப்பாவைத் தூக்கி அதில் வைத்துவிட்டார்கள். எந்த அலுவலகத்தில் வரிசையில் உட்கார்ந்தாலும் "ஃப்ராவ் அந்தோணிசாமி", அதாவது திருமதி அந்தோணிசாமி, என்று அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். நான் எழுந்து போவேன்.

அப்பா இறந்தது நான் வந்த இரண்டாம் டிசம்பரில். கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்தவர். அப்போது இங்கே தங்குவதற்கான என் அனுமதி அட்டை புதுப்பிப்பில் இருந்தது. வெளியே போனால் திரும்ப உள்ளே வர உத்தரவாதம் இல்லை என்றார்கள். அடக்கத்தை ஃபோனில் பார்த்தேன். பூசை முடிந்து கல்லறைக்குப் போகும் வழியில் சிக்னல் போய்விட்டது. அதற்கப்புறமும் ஒரு வருஷம் ஜெர்மன் பேசும்போது "என் அப்பா எழுத்தராக இருக்கிறார்" என்று நிகழ்காலத்திலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். இறந்தகாலம் அடுத்த பாடத்தில்தான் வந்தது. பாடம் வந்த பிறகும் மாற்றவில்லை.

4

அறக்கட்டளையின் இணையப் பக்கத்தில் எனக்கு ஒதுக்கப்பட்ட பெண்ணின் விவரம் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருந்தது. வயது, வகுப்பு, சுடிதார் அளவு, செருப்பு அளவு. விரும்பும் பொருள் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் லஞ்ச் பாக்ஸ் என்று மட்டும் போட்டிருந்தது.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பதினாறு வயதில் யாராவது சாப்பாட்டு டப்பா கேட்பார்களா? பதினாறு வயதில் நான் என்னவெல்லாம் கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். இயர்போன், முதுகில் மாட்டும் பை, ஒரு பச்சை நிறக் கைக்கடிகாரம், சினேகிதி வைத்திருந்த மாதிரியே ஒரு குடை. டப்பா என்பது அம்மா கையில் திணிப்பது, நாம் கேட்டு வாங்குவது இல்லை. பாவம், கேட்கக்கூடத் தெரியவில்லை என்று நினைத்தேன். அந்தப் பாவத்தை நினைத்து எனக்கே கண் கலங்கியது. இதைத்தான் சொல்கிறேன், எனக்கு எல்லாமே வேகம். கண்ணீர் உட்பட.

விதிகளும் இருந்தன. இரண்டு பொருள்தான். ஃபோன் கூடாது, அலங்காரப் பொருள் கூடாது, பணம் கூடாது, பிள்ளையோடு நேரடியாகப் பேசக் கூடாது. பொருளை இல்லத்து அலுவலகத்தில் ஒப்படைத்தால் அவர்கள் கொடுத்துவிட்டு, படம் எடுத்து அனுப்புவார்கள். சரி, டப்பா ஒன்று, சுடிதார் ஒன்று. டப்பாதான் என்றால் கடையில் இருப்பதிலேயே நல்லதாக இருக்கட்டும். அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா சின்னாளபட்டியில் ஒரு பள்ளியில் ஆசிரியை. ஊரில் எல்லோருக்கும் பிலோமினா டீச்சர். சனிக்கிழமை பஸ் ஏறி திண்டுக்கல் கடைவீதிக்குப் போய், பாத்திரக் கடையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். நான் அப்போது ட்ராமில் இருந்தேன்.

"இதப் பாரு, மூணு அடுக்கு. கீழ சோறு, நடுவுல வெஞ்சனம், மேல அப்பளம் கிப்பளம். கனமாத்தான் இருக்கு."

"நல்லாருக்கும்மா. அதையே எடு."

"வயசுப் புள்ள இம்புட்டுச் சோறு திங்குமா?"

"நீ எனக்குக் கட்டிக் குடுத்தது இதவிடப் பெருசு."

"நீ தின்ன? திரும்பிக் கொண்டாந்து நாய்க்குல்ல போட்ட."

கடைக்காரர் பின்னாலிருந்து ஏதோ கேட்டார். அம்மா திரும்பி என்னவென்று கேட்டுவிட்டு என்னிடம் வந்தாள். "பேரு என்ன வெட்டணும்னு கேக்குறாரு."

நம் ஊர்ப் பாத்திரக் கடையில் இது ஒரு கேள்வியே இல்லை. பை வேண்டுமா என்று கேட்கிற மாதிரி. கல்லாவுக்குப் பக்கத்தில் பெயர் வெட்டுகிறவர் கையில் மின்சார ஊசியோடு உட்கார்ந்திருப்பார். எங்கள் வீட்டுக் குடத்தில் அம்மாவின் பெயர், தாம்பாளத்தில் சித்தி பெயர், சின்ன வயதில் சர்ச்சில் எனக்குப் புதுநன்மை கொடுத்தபோது வந்த டம்ளர்களில் கொடுத்தவர்களின் பெயர். பெயர் இல்லாத பாத்திரம் எங்கள் வீட்டில் கிடையாது.

"அப்பாவுக்கு வருசப் பூசை வருதுல்ல," என்றாள் அம்மா. "அப்பா பேரு போட்டுரவா? ஒரு புள்ள தெனம் அதுல சாப்புட்டா அவருக்கும் புண்ணியந்தான்."

ட்ராமில் கூட்டம். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இறங்கி ஏறியது. பிறகு சொன்னேன். "போடும்மா. மூடி மேல போடச் சொல்லு. தெரியுற மாதிரி."

"உன் பேரு?"

"என் பேரும் போடு. ஜெர்மனின்னும் போடு."

ஊசி டர்ரென்று கத்தும் சத்தம் ஃபோன் வழியாக வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் என் ஃபோனை எட்டிப் பார்த்தார். பல் டாக்டரிடம் இருக்கிற மாதிரி இருந்திருக்கும் அவருக்கு.

5

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் படம் வந்தது. இல்லத்துச் சுவர், பக்கத்தில் நட்சத்திர விளக்கு, நடுவில் சாம்பல் நிறச் சுடிதாரில் அவள். டப்பாவை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, மூடியைப் படம் எடுப்பவர் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

இரண்டு விரலால் மூடியைப் பெரிதாக்கினேன். சின்னச் சிலுவை. அதன் கீழே "ச. அந்தோணிசாமி நினைவாக". அதற்கும் கீழே "மகள் ஜெயசெல்வி, ஜெர்மனி". எழுத்து அழகாக விழுந்திருந்தது. 'ணி'யின் சுழி மட்டும் கொஞ்சம் இழுத்துக்கொண்டிருந்தது. அப்பா கையெழுத்திலும் அது அப்படித்தான் இழுக்கும். அடக்கத்துக்குப் போகாதவளுக்கு அதைப் பார்த்ததும் ஒரு கல்லறைக் கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. அந்தப் படத்தை எத்தனையோ முறை திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மூடியைத்தான். மூடிக்கு மேலே ஒரு முகம் இருந்தது, அதை ஒருமுறைகூடப் பெரிதாக்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் பொங்கல்வரை வேலையில் சுறுசுறுப்பாக இருந்தேன்.

6

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த மறுவாரம் அம்மா கூப்பிட்டாள். குரலிலேயே தெரிந்தது.

"இல்லத்துக்கு வரச் சொன்னாக. இப்ப இங்கதான் இருக்கேன். டப்பாவத் திருப்பிக் குடுத்துட்டாகடி."

"ஏன், ஒடஞ்சிருச்சா?"

"எவர்சில்வரு எங்கிட்டு ஒடைய? அந்தப் புள்ள திரும்பி வரல. பொங்கலுக்கு சாணார்பட்டி தாண்டி அதுக்குச் சின்னம்மா வீடு, அங்க போச்சாம். அப்பிடியே பஞ்சு மில்லுக்குப் போக ஆரம்பிச்சிருச்சாம். டப்பாவ இங்கயே வச்சிட்டுப் போயிருச்சு."

இல்லத்தின் வார்டனை எல்லோரும் ராஜாத்தி அக்கா என்பார்கள். விதிப்படி அவரும் என்னோடு பேசக் கூடாது. அன்று அம்மா பக்கத்தில் இருந்ததால் அம்மாவின் ஃபோனை வாங்கிப் பேசினார். நடந்ததை அவர் சொன்னபடியே தருகிறேன்.

"எங்க இல்லத்துல எல்லாத் தட்டுலயும் டம்ளர்லயும் பேரு இருக்கும்மா. செத்தவுக பேருலதான வாங்கித் தாராக. புள்ளைக சிரிப்பா சொல்லுங்க, எனக்கு இன்னைக்குப் பிச்சமுத்து தட்டு, உனக்குக் காமாட்சி டம்ளருன்னு. பழகிப் போச்சு அதுகளுக்கு. பத்தாப்பு வரைக்கும் பள்ளிக்கூடத்துலயே சத்துணவு, டப்பா தேவையில்ல. பிளஸ் ஒன்னுக்கு அது கெடையாது. இங்கருந்து கட்டிக் கொண்டு போகணும். இதுக்குக் கெடச்ச டப்பாவுல ராமலிங்கம்னு பேரு. இந்தப் புள்ள புதுப் பள்ளிக்கூடத்துல சித்தி வீட்டுல இருந்து வாரேன்னு சொல்லி வச்சிருக்கு. இல்லம்னு சொல்லல. கூடப் படிக்கிறதுக சும்மா இருக்குமா, யாருடி ராமலிங்கம், ஒன் ஆளான்னு கேலி. இதுவும் சிரிச்சுக்கிட்டே, எங்க மாமாடின்னு சமாளிச்சிருக்கு."

அந்த இடத்திலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை.

"ஒங்க டப்பா வந்துச்சு. மூடியத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. டேங்க்ஸ்கான்னுச்சு. போட்டோவுக்கு மூடிய இந்தப் பக்கம் திருப்பும்மான்னு நாந்தான் சொன்னேன், பேரு தெரிஞ்சாத்தான வாங்கிக் குடுத்தவுகளுக்கு நல்லாருக்கும். லீவு முடிஞ்சு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போயிருக்கு. மூடில துணியச் சுத்தித்தான் கொண்டு போச்சு. ஒருத்தி துணிய உருவிட்டா. ஏண்டி ராமலிங்கத்த வெட்டி விட்டுட்டு ஜெர்மனிக்காரனப் பிடிச்சிட்டியான்னு ஒரே சிரிப்பு. அப்ப இன்னொருத்தி முழுசாப் படிச்சிருக்கா. நினைவாகன்னு. படிச்சதும், தருமமா வந்த டப்பான்னு புரிஞ்சு எல்லாரும் சும்மாயிட்டாகளாம்."

"கேலி பண்ணலையா?"

"கேலி பண்ணியிருந்தாச் சமாளிச்சிருக்கும்மா. மறுநாள்லருந்து ஆளாளுக்கு அதுக்கு முட்டை குடுக்குறது, பொரியல் வைக்கிறது. டீச்சரு கூப்புட்டு, ஏம்மா சொல்லல, ஏழை மாணவர் லிஸ்ட்டுல பேரு சேத்துக்கிறேன்னு எல்லாரு முன்னாடியும் சொல்லியிருக்காக. நல்லதாத்தான் சொன்னாக. அன்னையோட அது சோறு கொண்டு போகல. வயித்துல ஒண்ணும் இல்லாம சாயங்காலம் வந்து தண்ணியக் குடிக்கும். அப்பறம் பொங்கல் லீவு. போனது போனதுதான்."

டப்பாவாலா போனாள் என்று கேட்டேன். அவர் சொன்னார்: "டப்பாவுக்காக மட்டும் போயிருச்சுன்னு நான் சொல்லமாட்டேன். சின்னம்மாளும் கூப்புட்டுக்கிட்டேதான் இருந்துச்சு, மில்லு வேன் வாசலுக்கே வருது. ஆனா டப்பாவும் ஒண்ணு."

7

அறக்கட்டளைக்கு நான் எழுதிய கடிதங்கள் இருபதுக்குக் குறையாது. அவளிடம் ஒருமுறை பேச வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், வேறு பள்ளியில் சேர்ப்பதானால் உதவ வேண்டும் என்று. வந்த பதில்கள் மிகவும் மரியாதையானவை. குழந்தைப் பாதுகாப்புக் கொள்கைப்படி நேரடித் தொடர்பு இயலாது. பயனாளி குடும்பத்தாரின் விருப்பத்தின்பேரில் திட்டத்திலிருந்து விலகிவிட்டார். தங்களுக்கு விருப்பமிருந்தால் வேறொரு பயனாளியை ஒதுக்கித் தருகிறோம்.

வேறொரு பயனாளி. அந்த வரியை நான் குறை சொல்ல முடியாது. விதிகள் அவளைக் காப்பாற்றத்தான் எழுதப்பட்டவை. என்னைப் போன்றவர்களிடமிருந்து என்றும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

கடைசிக் கடிதத்தோடு, கோப்பை மூடுவதால் என்று சொல்லி, அவள் நவம்பரில் கைப்பட எழுதிக் கொடுத்த விருப்பப் படிவத்தின் நகலை இணைத்திருந்தார்கள். அது வந்தது ஒரு சனிக்கிழமை. கீழ்த்தளத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. அவர்களுடைய மகள் யாழினிக்கு எட்டு வயது, சனிக்கிழமைகளில் நான் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். வீட்டில் அப்பா அம்மா தமிழில் கேட்பார்கள், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். என்னிடம் மட்டும் பரிதாபப்பட்டு இரண்டு வார்த்தை தமிழ் பேசுவாள். நான் மடிக்கணினியைத் திறந்து அப்படியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவள் எட்டிப் பார்த்தாள்.

"இது கையால எழுதினதா? நான் படிக்கிறேன்," என்றாள். விரலைத் திரையில் வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். "சா... ப்பா... ட்டு டப்பா. பே... ர் வெ... ட்டா... த... து." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "சரியா?"

"சரி."

"பேர் வெட்டாததுன்னா?"

"மேல யார் பேரும் எழுதாதது."

அவளுக்கு அது விளங்கவில்லை. இங்கே பள்ளியில் பென்சிலுக்குக்கூடப் பெயர் ஒட்டி அனுப்ப வேண்டும், தெரியுமா? தொப்பிக்கு, காலுறைக்கு, தண்ணீர்க் குப்பிக்கு. "பேர் இல்லன்னா யாரோடதுன்னு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள்.

அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்ததே அதுதான், யாரோடது என்று தெரியக் கூடாது. இதை எட்டு வயதுப் பிள்ளைக்கு நான் எந்த மொழியில் சொல்வது? இன்றைக்குப் பாடம் போதும் என்று அனுப்பிவிட்டேன். படியிறங்கும்போது அவள் ஜெர்மன் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

நான்கே சொல். அந்த நான்கில் முதல் இரண்டை மட்டும் மொழிபெயர்த்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். அந்தக் கட்டத்தில் பொருளின் பெயர் மட்டும்தான் ஏற்றுவது வழக்கம் என்று பதில் வந்தது. ஏற்றியவர் மேல் கோபப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன். பிறகு அந்தக் கோபமும் போய்விட்டது. கேட்கத் தெரியாத பிள்ளை என்று நான் பாவப்பட்டவள், தனக்கு எது வேண்டும் என்று என்னைவிடத் தெளிவாக எழுதியிருக்கிறாள். கடைசி இரண்டு சொல்லும் எனக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? நேர்மையாகச் சொல்கிறேன், தெரியவில்லை. ட்ராமில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டபோது அவள் என் நினைவிலேயே இல்லை. அப்பாதான் இருந்தார். ஒரு பரிசைக் கொடுக்கிற சாக்கில் எனக்கு ஒரு கல்லறைக் கல் வாங்கிக்கொண்டேன். அதைச் சுமக்க ஒரு பதினாறு வயதுப் பெண்ணைப் பிடித்தேன்.

8

"அழிச்சிரலாமாடி?" என்று அம்மாதான் கேட்டாள். "பேர அழிச்சு நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு, வாம்மான்னு கூப்புட்டுப் பாக்குறேன்."

"புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம்மா. வெறும் டப்பாவா."

"புதுசு வாங்கி? இத என்ன செய்ய? வீட்டுல வச்சு தெனம் பாத்துக்கிட்டு இருக்கவா நான்?"

அப்பாவின் பெயரை அழிக்கவா என்று கேட்கிறவளிடம் வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை, சரி என்றும் வாய் வரவில்லை. கடைசியில் சரி என்றேன்.

பெயர் வெட்டியவரே முதலில் மாட்டேன் என்றாராம். "வெட்டுனது வெட்டுனதுதான் டீச்சர். மேலயே வேற பேரு வெட்டலாம், அழிக்க முடியாது." பிறகு அவரே பாலிஷ் போடும் பட்டறை ஒன்றைக் காட்டியிருக்கிறார். சக்கரத்தில் வைத்துத் தேய்த்தார்கள். ஜெர்மனி சீக்கிரம் போய்விட்டது, என் பெயரும் போய்விட்டது, அப்பா பெயரைத்தான் ஆழமாக வெட்டியிருந்தார் என்றாள் அம்மா. தேய்த்து முடிக்கிறவரை அங்கேயே நின்றிருக்கிறாள். "கண்ண மூடிக்கிட்டேன். சத்தம் மட்டும் கேட்டுச்சு." முடிந்தபின் மூடியின் நடுவில் ஒரு மங்கலான குழி. முகம் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் முகம் கோணுகிறது.

இடத்தை ராஜாத்தி அக்கா சொல்லியிருந்தார், "நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிறாதீக டீச்சர்" என்ற வேண்டுதலோடு. இது விதிமீறல், தெரியும். அறக்கட்டளை இதைப் படித்தால் என்மேல் நடவடிக்கை எடுக்கட்டும். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா இரண்டு பஸ் மாறி, சாணார்பட்டி தாண்டி, புளியமரத்து நிறுத்தத்தில் இறங்கி நடந்திருக்கிறாள். அன்று அந்தப் பெண்ணுக்கு மில்லில் வார விடுமுறை. சின்னம்மா வெளியே போயிருந்தாள். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் அம்மாவைப் பார்த்ததும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்கம்மா," என்று பாய் விரித்துப் போட்டாளாம்.

அம்மா தான் யார் என்று சொல்லியிருக்கிறாள். மன்னிப்பும் கேட்டிருக்கிறாள், எனக்கும் சேர்த்து. அவள், "அய்யோ, அதெல்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர்," என்றாளாம். பள்ளிக்கூடத்துக்கு வா, வேறு பள்ளிக்கூடமாகப் பார்க்கிறேன், எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள் என்று அம்மா செத்த நேரம் பேசியிருக்கிறாள்.

"மில்லுல நல்லாத்தான் இருக்கு டீச்சர்," என்றாளாம். "கேண்டீன்ல சோறு போடுறாக. தட்டுல ஒண்ணும் எழுதியிருக்காது."

அம்மா டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். மூடியைப் பார்த்தாள். தேய்த்த இடத்தில் பெருவிரலை வைத்து ஒரு தடவு தடவினாள்.

"இங்கன என்ன இருந்துச்சுன்னு அவளுகளுக்குத் தெரியுமே டீச்சர்," என்றாள். குரலில் கோபமே இல்லை என்றாள் அம்மா. கணக்கு வாத்தியாரிடம் விடையைச் சொல்கிற மாதிரி சொன்னாளாம்.

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கைக்குட்டையைத் தேடிப் பைக்குள் கையை விட்டாள். கைக்குட்டைக்கு மேலே ஃபோன் கிடந்தது. அதை எடுத்து ஓரமாக வைக்கப் போனாள்.

ஃபோனைப் பார்த்ததும் அந்தப் பெண் எழுந்துவிட்டாள். தாவணியைச் சரிசெய்துகொண்டு, கொடிக்கயிற்றை விட்டு ஓரடி தள்ளி, வெளிச்சம் முகத்தில் விழுகிற இடமாகப் பார்த்து நின்றாள். டப்பாவை நெஞ்சுக்கு நேராகத் தூக்கி, மூடியை அம்மா பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள். சிரித்தாள்.

"போட்டோ எடுக்க வரலம்மான்னேன்," என்றாள் அம்மா. "பரவால்ல டீச்சர், எடுத்துக்கங்கன்னுச்சு. கையக் கீழ விடல. அப்பிடியே நிக்கிது. நான் எடுக்காம அது எறக்காது போல இருந்துச்சு."

"எடுத்தியா?"

"எடுத்தேன்."

படத்தை அனுப்பியிருக்கிறாள். இந்த முறை மூடியைப் பெரிதாக்கவில்லை, முகத்தைப் பெரிதாக்கினேன். பிறகு டிசம்பர்ப் படத்தை எடுத்து, முதல்முறையாக அதிலும் முகத்தைப் பெரிதாக்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே சிரிப்பு, உதடு ஒரே அளவுக்கு விரிந்திருக்கிறது, கண் இரண்டும் ஃபோனுக்குப் பின்னால் நிற்கிறவரைப் பார்த்து, இது போதுமா என்று கேட்கின்றன.